ஜெபித்தும் பயம் போகலையே, அக்கா!

கேள்வி: எனக்கு 47 வயது. கணவர் தவறிவிட்டார். வெளியூர் வேலைக்குப் போன மகள், தன் ஸ்கூட்டரை எனக்கென்று விட்டுப் போயிருக்கிறாள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிற எனக்கு அது பெரிய உதவிதான். ஆனால் சாவியைத் தொட்டாலே கை நடுங்குகிறது. ‘புருஷன் இல்லாதவளுக்கு இந்த வயசுல இது தேவையா’ என்று ஊர் பேசுமோ என்றும் இருக்கிறது. தினமும் ஜெபிக்கிறேன், பயம் போகவில்லை. விசுவாசக் குறைவா அக்கா?
- ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: அப்படி யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, தங்கச்சி. யாத்திராகமம் 4-ம் அதிகாரத்தை எடுத்து வாசி. எரிகிற முட்செடி முன்னால் நின்று ஆண்டவரோடு பேசின மோசேக்கே பயம் விடவில்லை. ‘நான் திக்குவாயன், வேறு யாரையாவது அனுப்பும்’ என்று கெஞ்சினான். ஆண்டவர் ஆரோனைத் துணைக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்தத் திக்குவாயோடேதான் பார்வோன் முன்னால் போய் நின்றான். நீயும் பயம் போகட்டும் என்று காத்திருக்காதே. ‘எனக்கொரு ஆரோனைக் காட்டும்’ என்று ஜெபி. உங்கள் சபைப் பெண்களிலேயே வண்டி ஓட்டுகிற ஒருத்தி இருப்பாள், கூச்சப்படாமல் கேள்.

அப்புறம், அந்தக் கை நடுக்கம். பதறினால் வலது கை தானாக இறுகும். ஆக்ஸிலேட்டர் அந்தக் கையில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கிற நினைப்பில் அதை முறுக்கிவிடுவோம், வண்டி பாய்ந்துவிடும். அதனால் முதலில் சாவியே போடாதே. கூட வருகிறவள் பின்னாலிருந்து மெல்லத் தள்ளட்டும், நீ இடது கையால் பிரேக் பிடித்து நிறுத்த மட்டும் பழகு. கை அதற்குப் பழகின பிறகு என்ஜினைப் போடலாம். தேரி மணல் பக்கம் போகவே வேண்டாம், சக்கரம் வழுக்கும். தரை இறுகின பள்ளிக்கூட மைதானம் நல்லது.

ஊர்ப் பேச்சா? பாளையங்கோட்டையில் கிளாரிந்தா ஆலயத்தைக் கட்டியெழுப்பி, 1785-ல் பிரதிஷ்டை செய்யவைத்தவர் கிளாரிந்தா என்ற ஒரு கைம்பெண்தான். அந்தக் காலத்து ஊர் எப்படியெல்லாம் பேசியிருக்கும்! நம் திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டன்ட் சபை வரலாறே அவரிலிருந்துதான் தொடங்குகிறது. உன்னைத் தடுக்க இந்த ஊருக்கு என்ன இருக்கிறது?

ரோட்டில் இறங்குமுன் எல்எல்ஆர் போட்டுவிடு. அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். ஹெல்மெட்டை மட்டும் மகளின் பழையதை மாட்டிக்கொள்ளாமல், உன் தலைக்குப் போட்டுப் பார்த்துப் புதிதாக வாங்கு.