ரெம்பிராண்ட் அச்சு: 1648 என்று இருந்தால் அசலா?

சட்டம் (ஃப்ரேம்) போட்டபடி வாங்கிய, 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'வாசலில் பிச்சை பெறுவோர்' படத்தில் 1648 என்று இருக்கிறதே, அசல்தானா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆண்டு எதையும் நிரூபிக்காது. அது செப்புத் தகட்டிலேயே கீறியது. எப்போது அச்சிட்டாலும் விழும், நகலிலும் விழும்.

முதலில் சட்டத்தைக் கழற்றுங்கள். 10 மடங்கு லென்ஸில் கோடுகள் ஒழுங்கான புள்ளிகளாகப் பிரிந்தால் சாதாரணப் புத்தக அச்சு, கதை முடிந்தது. கோடு முழுசாக, சாய்ந்த வெளிச்சத்தில் மை லேசாக மேடாகத் தெரிந்தால் தாளில் தகடு அழுந்திய தடத்தை அளந்து பாருங்கள்: சுமார் 16.5 × 12.8 செ.மீ. இருக்க வேண்டும். ஈரத்தாளில் அச்சிட்டுக் காய்வதால் ஓரிரு மில்லிமீட்டர் குறையலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அமான்-துரான் ஒளிப்பட முறையில் செப்புத் தகடு செய்து அச்சிட்ட நகல்களிலும் மேடும் தடமும் உண்டு. பின்பக்கம் அமான்-துரானின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதைச் சுரண்டி அழித்தவர்களும் உண்டு.

அசல் தகடு என்றாலும் ரெம்பிராண்ட் காலத்து அச்சு என்று அர்த்தமில்லை. அவருடைய பல தகடுகள் 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அச்சுப்பட வியாபாரி பசான் கைக்குப் போய் மறுபடி அச்சேறின. தேய்ந்த தகட்டில் நெருக்கமான நிழல் கோடுகள்தான் முதலில் வெளிறும், அல்லது திருத்திக் கீறியதால் ஒரே கறுப்பாக அப்பிவிடும்.

தாளின் காலத்தை ஊகிக்க, அதை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியை (தாள் செய்யும்போதே அதில் பதிந்த அடையாளத்தை) படமெடுத்துப் போடுங்கள். அழுக்கைத் துடைக்க மட்டும் போகாதீர்கள்.