மரத்துக்குள் தண்ணீர் வரட்டும்: கட்டுமரமும் மற்ற படகுகளும், கேள்வி பதில்

நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊரில் வளர்ந்தவன் நான். தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். பழைய படகு எங்கே கண்ணில் பட்டாலும் டேப்பை எடுத்து அளக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, கட்டுமரத்தின் இடுக்குகளை அடைக்கவே மாட்டார்களா? தண்ணீர் ஏறி மூழ்கிவிடாதா?

அடைக்க மாட்டார்கள் தம்பி. தண்ணீர் ஏற வேண்டும், ஏறியது உடனே இறங்கவும் வேண்டும். மற்ற படகெல்லாம் தண்ணீரை வெளியே நிறுத்துகிற பாத்திரம். கட்டுமரம் பாத்திரமே இல்லை, லேசான மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை.

காரணம் கரைதான். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை பெரும்பாலும் திறந்த மணல் கரை. அலை இரண்டு மூன்று வரிசையாக உடையும். குழிவான சின்னப் படகு அந்த இடத்தில் மாட்டினால் ஒரே அலையில் நிரம்பிவிடும். கட்டுமரத்தின் மேல் அலை ஏறும், இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

தினமும் அவிழ்த்துத் தினமும் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? வேலை மெனக்கெட்டு எதற்கு?

எங்கள் பக்கத்தில் உண்மைதான். ஊறிய மரம் கனக்கும், மிதப்பு குறையும். அதனால் கரை ஏறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். விடியுமுன் மறுபடி கட்டு.

நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் சற்று உயர்ந்தும் உட்காரும்படி செதுக்கியிருப்பார்கள். அணியத்தில், அதாவது முன்பக்கம், மேல்நோக்கி வளைந்த மூக்குத் துண்டுகள் சேரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். கட்டி முடித்ததும் தாத்தா மேலே ஏறிக் குதிகாலால் இரண்டு மிதி மிதிப்பார். 'கடக்' என்று சத்தம் வந்தால் ஒன்றும் பேசாமல் அவிழ்த்து முதலிலிருந்து கட்டுவார். நேரமாகிவிட்டதே என்று கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

எத்தனை மரம் சேர்த்துக் கட்டுவது என்பது தொழிலைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, பறவைக் கோலா மீன் வருவது மே முதல் ஜூலை வரை. மிதக்கிற எதிலாவது ஒட்டி முட்டையிடும் மீன் அது. அதனால் தழைக் கட்டுகளைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு, கூட்டம் வந்து மொய்க்கும்போது அள்ளுவார்கள். கரையை விட்டு வெகுதூரம் போகிற தொழில் என்பதால் அதற்குப் பாய் கட்டிய பெரிய 'கோலா மரம்'.

ஐயா, ஆங்கிலத்தில் கேட்டமரான் என்பது நம் கட்டுமரம் என்ற சொல்தான் என்கிறார்கள். ஆனால் அந்தப் படகுக்கு இரண்டு உடம்பு இருக்கிறதே?

சொல் நம்முடையது, படகு நம்முடையது அல்ல. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளிவந்த பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதி இந்தப் பெயரைக் குறிப்பிட்டார். உட்கார்ந்திருப்பவனின் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்பதையும் கவனித்து எழுதியிருக்கிறார், மனிதர் கண் கூர்மையானது. இரட்டை உடல் படகுகள் பசிபிக் தீவுக்காரர்களின் திறமை. பிற்பாடு மேற்கத்தியர் பெயரை இங்கிருந்தும் வடிவத்தை அங்கிருந்தும் எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

ராஜேந்திர சோழன் கட்டுமரத்தில்தான் கடாரம் போனான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வாட்ஸ்அப்பில் வராதது எது? மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அவன் புகழ் பாடும் வரிகள், சொல்வது 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று. கலம் என்றால் கப்பல். 1025-இல் படையையும் தண்ணீரையும் சோற்றையும் ஏற்றிக்கொண்டு வங்கக் கடலைத் தாண்டியவர்கள் நான்கு கட்டையின் மேல் குந்தியிருக்க மாட்டார்கள்.

அப்போது அந்தக் காலத்து சென்னையில் கப்பல் பயணிகள் எப்படி இறங்கினார்கள்? எல்லோரும் நனைந்தபடியா?

ஓரளவு நனைந்தபடிதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டும் வரை கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். கரைக்குக் கொண்டுவந்தது மசூலா என்று ஆங்கிலேயர் எழுதிய தையல் படகு. சலங்கு என்றும் சொல்வார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டம் கிடையாது. மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்தது நெளிந்து கொடுக்கும். தையல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசியும், இறைத்துக்கொள்வார்கள். இதே படகுதான் கரைவலை இழுக்கவும் போனது.

எங்கள் ஊர் தொண்டி. இங்கே கட்டுமரமே அதிகம் பார்த்ததில்லையே?

உங்களுக்குத் தேவைப்படவில்லை. பாக் விரிகுடா ஆழம் குறைவு, அலையும் அடங்கியது. அதனால் அங்கே குழிவான படகுகளான வள்ளமும் வத்தையும். பாய் விரித்த வத்தை ஒரு பக்கம் சாயும்போது, குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் நடந்துபோய் உட்கார்ந்து சமன் செய்வதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட கதைகளிலேயே அதுதான் வயிற்றைக் கலக்கியது.

வியட்நாம் போயிருந்தேன் அண்ணா. நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரியே கடலில் ஓட்டுகிறார்கள்!

'துங் சாய்'. மூங்கில் பின்னல், மேலே சாணியும் மரப்பிசினும் பூசுவார்கள். கரையிலிருந்து பெரிய படகுக்குப் போகவும், அருகில் வலை விடவும் பயன்படுகிறது. நம் பரிசலும் மூங்கில்தான், முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். யாரும் யாரையும் பார்த்துச் செய்ததாக நினைக்க வேண்டாம். மூங்கில் இருக்கிற ஊரில் கூடை தெரியும், கூடை தெரிந்தவனுக்கு இதுவும் தோன்றும்.

இந்தோனேசியாவின் பினிசி பற்றி?

தெற்கு சுலவேசியில் கட்டுகிற பெரிய பாய்க் கப்பல். முதலில் பலகைகளைச் சேர்த்து உடம்பை எழுப்பிவிட்டு அப்புறம் உள்ளே சட்டம் பொருத்துவார்கள். அந்தக் கட்டுமானக் கலை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே வேண்டாம்.

கட்டுமரம் இன்னும் இருக்கிறதா? என் பையனுக்குக் காட்ட வேண்டும்.

குறைந்துவிட்டது. ஃபைபர் படகு முன்பே வந்திருந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு கொடுக்கப்பட்ட நிவாரணப் படகுகளில் பெரும்பகுதி ஃபைபர்தான். மரம் கிடைப்பதும் கஷ்டம், விலையும் அதிகம். தெர்மாகோலைச் சாக்கில் சுற்றிக் கட்டி அதில் போகிறவர்களையும் பார்க்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் தாத்தாவின் கணக்கேதான், தண்ணீர் ஏறும், இறங்கும்.

பையனை விடிந்ததும் கூட்டிப்போங்கள், கட்டுமரம் கரை ஏறுகிற நேரம் அது. கடைசி அலைக்கு முன்னால் துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று, மணலில் காயப் போட்ட மரத்தின் மேல் செருப்புக் காலோடு ஏற விடாதீர்கள். திட்டு உங்களுக்குத்தான் விழும்.