கலக்காமல் மொண்ட பால்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பால் பண்ணையில் வேலை செய்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். டேங்கரில் வரும் பச்சைப் பாலை வாங்கும் ஆர்.எம்.ஆர்.டி. டாக்கில் ஆபரேட்டர். சீல் பார்ப்பது, மூடியைத் திறந்து முகர்வது, சேம்பிள் எடுப்பது, லேபிலிருந்து சரி என்று வந்ததும் ஹோஸ் மாட்டி பம்ப் போடுவது, வண்டி காலியானதும் சி.ஐ.பி. விட்டு, அதாவது எதையும் கழற்றாமல் உள்ளேயே மருந்துத் தண்ணீர் ஓடவிட்டு, கழுவுவது. பெரும்பாலும் நைட் ஷிப்ட். ஆள் குறைந்தால் லேபிலும் நிற்பேன். ஃபேட் டெஸ்ட் ஆசிட் தெறித்து என் சட்டையெல்லாம் ஓட்டை. புளித்த லோடைத் திருப்பி அனுப்பினால் டிரைவர்கள் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். வரிசையில் நாலு வண்டி நிற்கும்போது பிளஞ்சர் போட்டுக் கலக்க ஏது நேரம்? அடி வால்வில் ஒரு மக் பிடித்து லேபுக்குக் கொடுத்துவிடுவேன், எல்லாரும் செய்வதுதான். பெண் பார்க்கப் போன வீட்டில் ‘பால்ல யூரியா கலக்குறாங்களாமே’ என்று கேட்டார்கள். சீக்கிரம் எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆகிவிடும், எங்களை அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு. வேலையை விட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா? எழுதவாவது நேரம் கிடைக்குமே. நான்கு கவிதைகள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்று நான் பரணில் அம்மாவின் பால் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தப் பதில் இன்னும் நீளமாக இருந்திருக்கும், தப்பித்தாய்.

பெண் விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. யூரியா கேட்ட வீட்டில் நீ மாப்பிள்ளையாகப் போகாமல் இருப்பதே நல்லது. அவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டுமானால் சொல்: உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. அதில் கலப்படம் என்று அகப்பட்டது 12. ஆனால் அதே ஆய்வில், பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் வரம்பு மீறியிருந்தது 368 மாதிரிகளில். அதில் முதலிடம் தமிழ்நாடு. மாட்டுத் தீவனத்தின் வழியாகப் பாலுக்கு வருகிற நஞ்சு அது, காய்ச்சினாலும் போகாது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு எப்படி மணக்கும் என்று கடலை விளைகிற நம் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் பற்றி வாட்ஸப்பில் ஒருவரும் வீடியோ போடுவதில்லை, திட்டுவதற்கு ஒரு பால்காரர் அதில் கிடைக்காததால்.

ஆட்டோமேட்டிக் வரட்டும். மூடி திறந்த அந்த நொடியில் வருகிற வாடையைப் பிடிக்க இன்றைக்கும் ஒரு மூக்குதான் அங்கே நிற்கிறது. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

‘அடி வால்வில் ஒரு மக் பிடித்து’ என்று எழுதியிருக்கிறாயே. போகிற போக்கில், கால்புள்ளி போட்டு, ‘எல்லாரும் செய்வதுதான்’ என்று. உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் ஒரு முறை படித்தேன். இந்த வரியில் மட்டும் நின்றுவிட்டேன். கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

பாலில் கொழுப்பு உப்புபோலக் கரைந்து கிடப்பதில்லை என்று வேதியியல் படித்த உனக்குத் தெரியும். பொடிப்பொடிக் குமிழாக மிதக்கிறது, பாலைவிட எடை குறைவு, நிற்க விட்டால் மேலேறும். அதிலும் பசும்பால் குளிர்ந்திருந்தால் குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக, வேகமாகவே ஏறும். நீ வாங்குவது பி.எம்.சி.யில், ஊர்ப் பாலைச் சேர்த்துக் குளிரவைக்கிற நிலையத்தில், நாலைந்து டிகிரிக்குக் குளிரவைத்த பால். வழியெல்லாம் குலுங்கிக்கொண்டுதானே வருகிறது என்பாய். வரும், பிறகு உன் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும். நிற்கிற நேரம் பூராவும் மேலே ஏடு கனக்கும், அடியில் மெலியும். அந்த மெலிந்த பாலைப் பிடித்து, இதுதான் இந்த டேங்கர் என்று லேபுக்குக் கொடுக்கிறாய். அதுவும் வால்வின் வாயில் முதலில் வருவது குழாயில் தேங்கி நின்ற பால். வால்வை யாராவது சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் கிருமி சேர்ந்திருப்பது அங்கேதான். அதைப் போய் எம்.பி.ஆர்.டி. என்கிற கிருமிச் சோதனைக்கு வைத்தால், பாலில் விட்ட நீலச் சாயம் சீக்கிரம் வெளுக்கத்தான் செய்யும். உள்ளே இருக்கிற நல்ல பாலுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

இனி கணக்கு. டேங்கரின் ஒரு அறையில் 5,000 லிட்டர். உன் மக்கினால் ஃபேட் 0.2 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள். பத்து கிலோவுக்கு மேல் கொழுப்பு கணக்கில் இல்லாமல் போயிற்று. நாலு சதவீதப் பசும்பாலில் அது 250 லிட்டரின் கொழுப்பு. வேளைக்கு ஆறு லிட்டர் ஊற்றுகிற நாற்பது வீட்டுக் கொழுப்பு என்று சொன்னால் உனக்கு உறைக்குமா? திருடியவர் யாருமில்லை. பால் சைலோவில், உங்கள் பண்ணையின் பெரிய தொட்டியில், பத்திரமாக இருக்கிறது. காகிதத்தில் மட்டும் இல்லை. பி.எம்.சி. கணக்கில் அது பற்றாக்குறையாக விழும். அங்கே இருக்கிறவர் தன் கையிலிருந்தா போடுவார்? பால் ஊற்றுகிறவர்கள் தலையில்தான் பங்கு போடப் பார்ப்பார்.

மேலே மொண்டால் அவர்களுக்கு லாபம்தானே என்று கேட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதே. அதுவும் பொய்க்கணக்குதான். ஒரு நாள் மேலே, ஒரு நாள் அடியில் என்று எடுத்தால் பண்ணைக்காரருக்கு அந்த பி.எம்.சி. பேரிலேயே சந்தேகம் வரும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைக் கலக்காமல் பரிமாறினால் முதல் இலைக்கு எண்ணெய், கடைசி இலைக்குப் பருப்பு; சமையல்காரரைத் திட்டி என்ன பயன்? வாளி பிடித்தவனைத்தான் திட்ட வேண்டும்.

அதற்கப்புறம் லேபில் என்ன நடந்தாலும் எனக்கு அக்கறை இல்லை. மெஷின் 3.9 என்று சொல்லும். தசமப் புள்ளி போட்டுச் சொல்வதால் எல்லாரும் கும்பிடுவார்கள். மெஷினுக்கு எது கொடுத்தாயோ அதைத்தான் அது சரியாக அளக்கும். மாடு வைத்திருப்பவள் உன் டாக்கில் இல்லை. அவள் பேரணாம்பட்டுப் பக்கமோ கணியம்பாடிப் பக்கமோ சாணி அள்ளிக்கொண்டிருக்கிறாள். அவள் சார்பில் அங்கே வந்து நிற்பது உன் மக்கில் இருக்கிற பால் மட்டும்தான்.

நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்றால், எனக்கு இது வீட்டுக் கதை.

வட ஆற்காடு ஒரே ஜில்லாவாக இருந்த காலம், 1989-க்கு முன்னால். ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஐ.ஆர்.டி.பி. என்கிற அரசுத் திட்டக் கடனில் அம்மா ஒரு ஜெர்சி கலப்பு வாங்கினாள். பொய்கைச் சந்தையில், செவ்வாய்க்கிழமை, மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு வேளை கறந்து பார்த்துத்தான் கயிற்றைக் கையில் வாங்கினாள். ஊரில் அதற்குப் பெயரே லோன் மாடு. பால் ஊற்றும் இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கறந்த சூட்டோடு தூக்கில் எடுத்துக்கொண்டு நான்தான் ஓடுவேன்.

டெஸ்டர் லாக்டோமீட்டரை விடுவார், பாலின் அடர்த்தி காட்டுகிற கண்ணாடிக் குச்சி. அது முங்கும், முங்கினால் தண்ணீர் கலந்த பால் என்று அர்த்தம். ‘டிகிரி நிக்கல’ என்பார். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கொட்டாயிலிருந்து வரப்பு வரப்பாக நடந்து வருகிற ஆயாவின் பாலில் அதே குச்சி ஜம்மென்று நிற்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எப்போதும் இப்படித்தான். கிணறு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். ஊர் கணக்குப் போட்டுவிட்டது: பக்கத்தில் இருக்கிறவள் தண்ணீர் ஊற்றுகிறாள். ‘நேத்து இருந்த மாடுதானே இன்னிக்கும் இருக்குது, வைக்கோலும் தவிடும் அதேதானே, இன்னாத்துக்கு டிகிரி இல்லன்ற?’ என்று அம்மா கேட்டால் டெஸ்டர் குச்சியைத் தூக்கிக் காட்டுவார். கண்ணாடிக் குச்சி பொய் சொல்லுமா?

சொல்லும். 27 டிகிரிக்கு அளவிட்ட லாக்டோமீட்டரை 35 டிகிரிச் சூட்டில் இருக்கிற பாலில் விட்டால் குறைத்துத்தான் காட்டும். ஒரு டிகிரி வெப்பத்துக்குக் குச்சியின் அளவில் ஏறத்தாழ 0.2. எட்டு டிகிரிக்கு ஒன்றரைக்கு மேல். நுரை வேறு அடங்கியிருக்காது, காற்றுக் குமிழும் சேர்ந்து இன்னும் முக்கும். கூடவே ஒரு தெர்மாமீட்டர் வைத்து, கூட்டிக் கழித்துப் படிக்க வேண்டும். எங்கள் ஊரில் தெர்மாமீட்டர் இல்லை, அல்லது இருந்து பெட்டியில் தூங்கியது. ஆயாவின் பால் வரப்பில் நடந்தே ஆறிவிடும். எங்கள் பால் ஆறுவதற்குள் அளந்துவிடுவார்கள். பக்கத்தில் வீடு இருந்ததுதான் அம்மா செய்த குற்றம்.

கடைசியில் அந்த ஆயாவேதான் சொன்னாள்: ‘ஆற வச்சி எட்தாந்து பாரேன்டி.’ அம்மா மறுநாள் தூக்கைத் தொட்டித் தண்ணீரில் வைத்திருந்து, நுரை அடங்கினதும், கடைசி ஆளாகப் போனாள். குச்சி நின்றது. டெஸ்டர் சிரித்துக்கொண்டே ‘இன்னிக்கு தண்ணி ஊத்தல போலக்குதே’ என்றார். அம்மா விடவில்லை. ‘நேத்தும் ஊத்தல. ஜொரம் உன் குச்சிக்குத்தான்’ என்றாள். அதன் பிறகு ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் தொட்டியில் தூக்கை வைக்க ஆரம்பித்தார்கள். டெஸ்டர் கடைசிவரை தெர்மாமீட்டர் வைக்கவில்லை. போன பணம் திரும்பியும் வரவில்லை.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை, தம்பி. எங்கள் பாலில் காசு அடிக்கவும் இல்லை. அவருக்கும் வரிசையில் ஆள் நின்றது, அவருக்கும் நேரமில்லை, பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான் செய்தார்கள். உன் கால்புள்ளி வாக்கியத்தை அவரும் சொல்லியிருப்பார்.

ஆக, பிளஞ்சர் போடு. இரண்டு மூன்று அறை இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாகப் போடு, தனியாக எடு. ஒரு அறைப் பாலுக்கு இன்னொரு அறை பொறுப்பில்லை. மேலும் கீழும், அடி தொட்டு, நுரை கிளம்பாமல். உன் பண்ணை எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்திருக்கிறதோ அத்தனை நிமிடம். டிரைவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். புளித்த லோடைத் திருப்பியதற்கு அம்மாவை இழுத்துத் திட்டினார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். சி.ஓ.பி.யில், காய்ச்சிப் பார்க்கிற சோதனையில், திரிந்த பாலை உள்ளே விட்டால் சைலோவில் இருக்கிற அத்தனை பாலும் போகும், ஆகவே நீ செய்தது சரி. அந்த வசவை வாங்கிக்கொள்ளத் தெரிந்த உனக்கு ஐந்து நிமிட ஹாரன் பெரிய விஷயமா?

கவிதைகள். மூன்றாவது நன்றாக இருக்கிறது, விடியலில் ஹோஸைச் சுருட்டுகிறவனின் கை பற்றியது. மற்ற மூன்றிலும் பால் ‘வெண்பனி’, ‘வெண்ணிலா’, ‘வெள்ளைத் தூய்மை’. நீ எந்தப் பாலைப் பார்க்கிறாய்? பச்சைத் தீவனம் தின்ற பசுவின் பாலில் மஞ்சள் ஓடும்; எருமைப் பால்தான் வெள்ளை. தினமும் ஆயிரக்கணக்கான லிட்டரைக் குனிந்து பார்க்கிறவன், பாக்கெட்டில் மட்டும் பால் பார்த்தவர்களைப்போல எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். அந்த மூன்றையும் கிழித்துப் போடு.

சென்னைக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். போ, அல்லது இரு. அங்கே போனால் எழுத நேரம் கிடைக்கும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வாடகை கட்டவே பொழுது போதாது. இருபத்தாறு வயதில் இதை என்னிடம் கேட்பதைவிட உன் அம்மாவிடம் கேள்.

ஒன்று விட்டுப்போயிற்று. சட்டை ஓட்டை என்று சிரிப்பாக எழுதியிருக்கிறாய். ஃபேட் பார்க்கிற கெர்பர் டெஸ்டுக்கு ஊற்றுவது 90 சதவீதக் கந்தக அமிலம். பத்து மில்லி அமிலம், 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். குலுக்கும்போது குழாய் கை பொறுக்காத சூடாகும், தக்கை பிடுங்கிக்கொண்டால் நேரே முகத்துக்கு வரும். துணி சுற்றிப் பிடி, தக்கையை ஆள் இல்லாத பக்கம் திருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி போடு. பண்ணையில் கேட்டால் தரத்தான் வேண்டும். இழுத்தடித்தால் எனக்கு எழுது, நான் வாங்கி அனுப்புகிறேன். முகவரி மட்டும் இந்த முறை ஒழுங்காக, பின்கோடோடு எழுது.

அன்புடன்,
அக்கா