பன்றியைச் சுட மனு எழுதுமுன் எர்த் ராடைப் பாருங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு 2 ஏக்கர். ஒரு ஏக்கர் தக்காளி, ஓடையோரம் அரை ஏக்கர் சர்க்கரைவள்ளி, மீதியில் கத்தரி நாற்றங்காலும் தட்டைப்பயறும். காப்புக்காடு 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஐப்பசியில் கடன் வாங்கி சோலார் வேலி போட்டோம். தை வரைக்கும் பன்றி எட்டிப்பார்க்கவில்லை. இப்போது கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. ஒரே ராத்திரியில் கிழங்குப் பாத்தி பத்தை உழுது போட்டுவிட்டது. மயில் வேறு, போட்ட விதையைக் கிளறித் தின்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் “அவுட்டுக்காய் வை, இல்லாட்டி லைனில் கொக்கி போடு” என்கிறார். அதாவது தீனிக்குள் நாட்டுவெடி வைப்பது, இல்லாவிட்டால் கரண்டு லைனிலிருந்து திருட்டு மின்சாரம் எடுத்து வேலிக்கு விடுவது. வீட்டுப் பெரியவர்கள் “எங்க காலத்துல துப்பாக்கி இருந்துச்சு, பன்னி கிட்ட வராது” என்கிறார்கள். தக்காளிக்கு விலை இல்லாமல் ஓடைக்கரையில் கொட்டுகிற நேரத்தில் இந்தக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. பன்றியைச் சுட அரசே உத்தரவு போட்டுவிட்டதாமே, யாரிடம் மனு கொடுப்பது?

பதில்: சகோதரி, சுடுகிற விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணை போட்டது உண்மைதான். ஆனால் அது தூரத்தைப் பொறுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி கிடையாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடுவது, அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். உங்கள் தோட்டம் 2 கிலோமீட்டரில் இருப்பதால் ‘பிடித்துக் கொண்டுபோங்கள்’ என்று மட்டுமே கேட்க முடியும். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பணியாளர் அடங்கிய ஊர்க்குழு வழியாகப் போங்கள். சர்வே எண்ணும் சேதத்தின் போட்டோவும் மனுவில் இருக்கட்டும். அதோடு பயிர் இழப்பீட்டுக்கும் தனியாக எழுதிக் கொடுங்கள். பாத்தியைச் சமப்படுத்திய பிறகு போட்டோ எடுத்தால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

பெரியவர்கள் சொல்வதிலும் பாதிதான் நிஜம். துப்பாக்கி இருந்த காலத்தில் ஓடையெல்லாம் இப்படிச் சீமைக்கருவேலமாக அடைந்து கிடக்கவில்லை, சொட்டுநீர்ப் பாசனத்தில் கோடையிலும் ஈரம் காயாத பாத்திகளும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை மெல்ல மெல்ல ஊரை விட்டுப் போனது. ஊரே கூடிப் போகும் பாரி வேட்டைக்குக் கிளம்பினாலே இன்று வழக்கு. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார். விவசாயிகளின் மனசும் மாறிவிட்டது. முன்பு ‘நான் சுடுவேன்’ என்றவர்கள் இப்போது ‘அரசாங்கம் வந்து சுடட்டும்’ என்கிறார்கள். கறிக்காகச் செய்த வேட்டை, பயிருக்காகக் கேட்கும் சேவையாகிவிட்டது. சட்டப்படி செய்தால் அதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெண்பன்றி ஒரு ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி போடும், சினைக்காலம் நாலு மாசத்துக்கும் குறைவு. ரெண்டு பன்றி செத்தால் அந்த இடத்தில் அடுத்த கூட்டம் வந்து நிற்கும். தீனியும் மறைவிடமும் இருக்கிற வரை இது நிற்காது.

பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன இரண்டும் ஜெயிலுக்குப் போகிற வழி. அவுட்டுக்காய்க்குப் பன்றி, மாடு என்று தெரியாது. கடித்த பசுவின் தாடை சிதறி, தீனி எடுக்க முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும். கொக்கி போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே கம்பியில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் மாட்டலாம், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளும் மாட்டலாம்.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஐப்பசியில் வேலை செய்த வேலி மாசியில் ஏன் செத்தது? கம்பிக்கு மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் கருவி பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. மண் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். கருவியிலிருந்து கிளம்பும் துடிப்பு கம்பி வழியாகப் பன்றியின் உடம்புக்குள் போய், அதன் காலடி மண் வழியாக, நிலத்தில் அடித்திருக்கும் இரும்புக் கம்பியான எர்த் ராடுக்கு வந்து, கருவிக்குத் திரும்பினால்தான் அடி விழும். ஐப்பசி ஈரத்தில் எந்த ராடும் வேலை செய்யும். காய்ந்த செம்மண்ணில் அந்தத் திரும்பும் வழி அறுந்துபோகிறது. பன்றிக்குச் சுருக்கென்று இருக்குமே தவிர வலிக்காது. இது புரிந்துவிட்டால் மூக்கால் கம்பியைத் தூக்கப் பழகிக்கொள்ளும்.

வேலி போட்டவர் எத்தனை ராடு அடித்தார் என்று போய்ப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், ஒன்றுதான் இருக்கும், அதுவும் மூன்றடி. ‘12,000 வோல்ட்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். அது கம்பி எதையும் தொடாமல் சும்மா நிற்கும்போது வரும் அளவு. கேட்க வேண்டியது கருவி எத்தனை ஜூல் வெளியே தருகிறது என்பதை; அடியின் பலத்தைச் சொல்லும் அளவு அதுதான். 2 ஏக்கரைச் சுற்றினால் 360 மீட்டர் சுமாருக்குத்தான் வரும், அதற்கு 1 ஜூல் தாராளம். பெரிய கருவி வாங்கச் சொல்லும் டீலர் உங்கள் எர்த்தைப் பார்க்காமலே சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எர்த் சரியில்லாத வேலிக்கு எத்தனை ஜூல் கொடுத்தாலும் மண்ணில் கொட்டின மாதிரிதான்.

செய்ய வேண்டியது இது. 6 அடி கால்வனைஸ்டு ராடு மூன்று வாங்கி, 10 அடி இடைவெளியில் முழுசாக உள்ளே அடியுங்கள். சொட்டுநீர் கசியும் இடம், வாய்க்கால் ஓரம், நிலத்தின் தாழ்ந்த மூலை என்று பார்த்து அடிக்க வேண்டும். மூன்றையும் ஒரே ஒயரில், அதே உலோகக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். செம்பு ஒயரைக் கால்வனைஸ்டு ராடில் சுற்றினால் சேருமிடம் அரித்து, அடுத்த மழைக்குள் தொடர்பு போய்விடும். உப்பும் கரியும் கொட்டச் சொல்வார்கள். உப்பு ராடையே தின்றுவிடும், வேண்டாம். மோட்டார் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

பிறகு சோதனை. கருவியை அணைத்துவிட்டு, 100 மீட்டர் தள்ளிப் போய் நாலைந்து இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி வேலியின் மின்கம்பி மேல் சாய்த்து வையுங்கள். கருவியைப் போட்டு, வேலியின் வோல்ட்டை அளக்கும் மீட்டரில் பாருங்கள். வேலி 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் வரை இப்படிக் கம்பிகளைக் கூட்ட வேண்டும். இப்போது கடைசி எர்த் ராடில் மீட்டரை வைத்தால் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் இன்னொரு ராடு அடியுங்கள், திரும்ப அளங்கள். இதைச் செய்யாமல் பணம் வாங்கிப் போகிறவர் உங்களுக்குக் கம்பியைத்தான் விற்றிருக்கிறார், வேலியை அல்ல. சோதனைக் கம்பிகளை எடுத்தபிறகு வேலியின் கடைசி முனையில் 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும்.

கோடையில் மூன்று ராடும் போதாமல் போகலாம். அதற்கும் வழி இருக்கிறது. கீழிருந்து முதல் கம்பி 20 சென்டிமீட்டரில் கருவியோடு சேர்த்த மின்கம்பி, இரண்டாவது 40-ல் எர்த்தோடு சேர்த்த கம்பி, மூன்றாவது 60-ல் மறுபடி மின்கம்பி. பன்றி மூக்கை நுழைத்தால் இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொடும், மண் எப்படிக் காய்ந்திருந்தாலும் அடி விழும். மூக்கில் பட்டால் பின்வாங்கும். முதுகு மயிரில் பட்டால் உறைக்காது, முன்னால்தான் பாயும். அதனால் அடிக்கம்பியின் உயரத்தில் ஒரு ஜாண் தவறினாலும் வேலி வீண். சைக்கிள் டியூப்பை வெட்டி இன்சுலேட்டராகக் கட்டியிருந்தால் கழற்றி எறியுங்கள், பனி ஈரத்தில் அது கசியும். புல் தொடாமல் இரண்டு பக்கமும் மூன்றடி சுத்தமாக இருக்கட்டும். பகலில் பேட்டரி மிச்சம் என்று அணைக்காதீர்கள். மின்வேலியைப் பதிவு செய்யச் சொல்லி 2023-ல் விதி வந்திருக்கிறது. உங்களுடையது பதிவாகியிருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தக்காளி கொட்டுகிற இடத்துக்கு வருகிறேன். ஓடைக்கரையில் கொட்டுவது பன்றிக்கு இலை போட்டுப் பரிமாறுவது. அதை அடுத்தே கிழங்கு நட்டிருக்கிறீர்கள். கழிவைக் குழி வெட்டி ஒரு அடி மண் போட்டு மூடுங்கள். அடுத்த பட்டத்தில் சர்க்கரைவள்ளியை வீட்டுப் பக்கம் மாற்றி, ஓடைப் பக்கம் மிளகாய் வையுங்கள். பன்றி மிளகாயைத் தின்னாது. ஆனால் மிதித்துக்கொண்டு உள்ளே போகும், அதனால் ஓரப்பயிரையே வேலி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வரப்பில் இருக்கும் கருவேலத்தை வேரோடு எடுங்கள். ஓடைப் புறம்போக்கில் இருப்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டும்.

வாசனைக்காகப் போரேட் குருணையைச் சின்னப் பையில் கட்டித் தொங்கவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த மருந்து 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டிலேயே தடை. ‘பழைய ஸ்டாக் இருக்கு’ என்று எடுத்துக் கொடுக்கும் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள். முட்டைக் கரைசல், தலைமுடி எல்லாம் பன்றி புதுசாக மோந்து பார்க்கிற சில நாளைக்கு உதவும்.

மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. உங்களுக்கு ஆபத்துக் காலம் விதைத்ததிலிருந்து இரண்டு வாரம்தான். நாற்றங்காலுக்கு வளைவுக் குச்சி நட்டு நிழல்வலை போடுங்கள். தட்டைப்பயறு சின்ன இடம் என்பதால் அதற்கும் இரண்டு இலை விடும் வரை வலை போட்டுவிடலாம். ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலைக்கு அடியில் தலையை விடும். மினுமினு ரிப்பனுக்குச் செலவழிக்காதீர்கள், மயில் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கூண்டு வைக்க வனத்துறை வந்தால் அதற்கு முன்னால் தக்காளிக் குவியலை மூடியிருக்க வேண்டும். வெளியே தீனி கிடக்கும்போது எந்தப் பன்றியும் கூண்டுக்குள் போகாது. பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.