ஆயிரக்கணக்கில் வரும் தீர்ப்புகளை எப்படிக் குறைப்பது?

ஊழியர் ஏற்படுத்திய விபத்துக்கு முதலாளி பொறுப்பா என்று வெஸ்ட்லா என்ற சட்டத் தரவுத்தளத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் தீர்ப்புகள் கொட்டுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கொட்டத்தான் செய்யும். 'முதலாளி', 'விபத்து' இரண்டும் எந்தத் தீர்ப்பிலும் வரக்கூடிய சொற்கள்.

முதலில் தேடல் பெட்டியை விட்டு வெளியே வாருங்கள். இந்தத் தலைப்பில் ஒரு சட்ட விளக்கநூலையோ ஆய்வுக் கட்டுரையையோ படித்தால், நீதிமன்றங்கள் பயன்படுத்தும் சொல் 'பிறர் செயலுக்கான பொறுப்பு' (vicarious liability) என்பது தெரியும். முக்கியமான இரண்டு மூன்று வழக்குகளும் அடிக்குறிப்பிலேயே கிடைத்துவிடும்.

நமக்குத் தேவை ஒரே ஒரு நல்ல தீர்ப்புதான். அதைத் திறந்து மேலே உள்ள தலைக்குறிப்புகளை, அதாவது தீர்ப்பிலுள்ள சட்டக் கருத்துகளின் சுருக்கங்களைப் பாருங்கள். வெஸ்ட்லாவில் ஒவ்வொரு சட்டக் கருத்துக்கும் ஆசிரியர் குழு ஒரு 'கீ நம்பர்' கொடுத்திருக்கும். உங்கள் கேள்விக்குப் பொருந்தும் எண்ணைச் சொடுக்கினால், தீர்ப்பில் வேறு சொற்கள் இருந்தாலும் அதே கருத்தைப் பேசும் வழக்குகள் வரிசையாக வரும். சொல் தேடலால் இது முடியாது. அப்புறம் நீதிமன்றம், ஆண்டு வைத்து வடிகட்டுங்கள். அப்போதும் அதிகமாக இருந்தால், இரண்டு சொற்களும் ஒரே பத்திக்குள் வர வேண்டும் என்று தேடலில் நிபந்தனை போடலாம்.

கிடைத்த தீர்ப்பு இன்னும் செல்லுமா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இதைக் காட்டும் கருவி வெஸ்ட்லாவில் கீசைட்; லெக்சிஸ் என்ற இன்னொரு சட்டத் தரவுத்தளத்தில் ஷெப்பர்ட்ஸ். தீர்ப்பு செல்லாமல் போயிருக்கலாம் என்று எச்சரிக்கும் சிவப்புக் குறியைக் கண்டதும் தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்குத் தேவையில்லாத வேறொரு கருத்து மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம். மாற்றிய தீர்ப்பைத் திறந்து படித்துவிட்டு முடிவெடுங்கள்.