மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சியைப் பற்றித்தான். பூச்சியை வைத்துப் பூச்சியை ஒழிப்பது நிஜமாகவே நடக்கிற காரியமா என்ற சந்தேகம் பலருக்கும் இருக்கிறது. அதனால் இந்த முறை எல்லாப் பதிலும் அதற்கே.

ஐயா, எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி. குருத்தெல்லாம் மாவுப்பூச்சி பிடித்து முட்டைக்கோசு மாதிரி சுருண்டு நிற்கிறது. மூன்று முறை மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது. குளவி விட்டால் போகும் என்கிறார்களே, நம்பலாமா? (நாமக்கல் மாவட்ட விவசாயி)

நம்பலாம். ஆனால் முதலில் நான்காவது முறை அடிக்க வாங்கி வைத்திருக்கும் மருந்தைத் திறக்காதீர்கள்.

மாவுப்பூச்சியின் உடம்பில் வெள்ளையாக மெழுகு மூடியிருக்கிறதே, மருந்து அதைத் தாண்டி உள்ளே இறங்குவது கஷ்டம், போதாததற்கு அது சுருண்ட குருத்துக்குள் பதுங்கிக்கொள்கிறது. அதைத் தேடி இலை இலையாக நடந்து திரியும் குளவிக்கு மெழுகும் கிடையாது, மறைவிடமும் கிடையாது. அதனால் நீங்கள் அடிக்கும் மருந்தில் முதலில் சாவது குளவிதான். அப்புறம் தப்பித்த மாவுப்பூச்சிகள் கேட்பாரில்லாமல் பெருகுகின்றன. மூன்று முறை அடித்தும் திரும்ப வந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைத்துப் பயப்பட வேண்டாம். அனகைரஸ் லோபெசி என்ற இந்தக் குளவி எள்ளைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையை இறக்கிவிடும், பொரித்து வரும் புழு உள்ளேயிருந்தே அதைத் தின்று தீர்க்கும். கடைசியில் மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கெட்டியான கூடாக நிற்கும். அதை ஓட்டைபோட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வந்து, அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிப் போகும். உங்கள் கொல்லையில் ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், ஓட்டை விழுந்த பழுப்புக் கூடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாவுப்பூச்சியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான ஏழைகள் அன்றாட உணவுக்கு நம்பியிருந்த மரவள்ளியைச் சூறையாடியது. அதன் சொந்த ஊரில் அதை அடக்கி வைப்பது எது என்று தேடிப்போய், 1981-ல் பராகுவேயில் இந்தக் குளவியைப் பிடித்தார்கள். அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினார்கள், சில இடங்களில் விமானத்திலிருந்துகூட விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-ல் நம் பக்கத்தில் திருச்சூரில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் என்று பரவியது. பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக விட்டது. உங்களுக்குப் பக்கம்தான், நேரில் போய்க் கேளுங்கள்.

விட்ட பிறகு நீங்கள் செய்ய வேண்டியது, மருந்தில்லாமல் பொறுத்திருப்பது. எறும்பு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், கிட்டே வரும் குளவியை விரட்டும். அடுத்த நடவுக்குப் பூச்சி பிடித்த கொல்லையிலிருந்து கரணை (நடவுக் குச்சி) எடுக்கவே எடுக்காதீர்கள்.

கரும்பில் இடைக்கணுப் புழுவுக்காக முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டினேன். ஒரு பலனும் இல்லை. காசுதான் போனது. (விழுப்புரம் பக்கம் ஒரு வாசகர்)

கோபம் புரிகிறது. ஆனால் எப்போது கட்டினீர்கள் என்று எழுதவில்லையே. அந்த அட்டையில் ஒட்டியிருக்கும் முட்டைகளிலிருந்து வெளிவரும் டிரைக்கோகிரம்மா என்ற குளவி, இடைக்கணுப் புழுவின் தாயான அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. முட்டை பொரித்து, புழு கரும்புக்குள் துளைத்துப் போய்விட்டால் குளவியால் எதுவும் செய்ய முடியாது. புழு துளைத்த கரும்பைப் பார்த்த பிறகு அட்டை வாங்க ஓடுபவர்கள்தான் அதிகம், ஏமாற்றமும் அங்கேதான் வருகிறது. நட்ட நான்காம் மாதத்திலிருந்து 15 நாளைக்கு ஒரு தரம், ஏக்கருக்கு 1 சிசி (அட்டையில் ஒட்டியிருக்கும் முட்டைகளின் அளவு) வீதம், 6 முறை கட்ட வேண்டும். ஒரு முறை கட்டிவிட்டு நிறுத்தினால் போதாது.

அட்டையில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். குளவி ஏற்கெனவே வெளியேறிப் பறந்துவிட்ட அட்டையைக் கட்டினால் வெறும் காகிதத்தைக் கட்டியது போலத்தான். சிறு துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக, இலையின் அடிப்பக்கத்தில், வெயில் தாழ்ந்த பிறகு கட்டுங்கள். மழை நாளில் வேண்டாம். கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் மருந்து கூடாது.

தென்னையில் வெள்ளை ஈ, கீழ் மட்டையெல்லாம் கறுப்பு. பக்கத்துத் தோட்டத்தில் வேரில் மருந்து கட்டுகிறார்கள். நானும் கட்டட்டுமா? (பொள்ளாச்சி வாசகி)

வேண்டாம்மா. சுருள் வெள்ளை ஈ 2016-ல் உங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் தென்பட்டது. அதன் பின்னாலேயே என்கார்சியா என்ற சின்னக் குளவியும் தானாகவே வந்து சேர்ந்தது. ஓலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களில் சில கறுத்திருந்தால் அவற்றுக்குள் குளவி வளர்கிறது. அப்படிப்பட்ட ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் செருகி வைக்கலாம். தோப்புக்குள் வாழையும் கல்வாழையும் வைத்தால் குளவிக்குத் தங்குமிடம் கிடைக்கும்.

ஓலையில் இருக்கும் கறுப்பு, ஈ விடும் இனிப்புக் கழிவின் மேல் வளரும் பூஞ்சாணம். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கித் தெளித்தால், காய்ந்து செதிலாக உதிரும்போது கறுப்பும் சேர்ந்து வந்துவிடும். பார்க்கப் பதறும், ஆனால் வெள்ளை ஈயால் மட்டும் தென்னை சாவதில்லை. நீங்கள் குடிக்கும் இளநீர் வருகிற மரத்தின் வேரில் விஷத்தைக் கட்டுவதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் சப்பாத்திக்கள்ளி காடாக மண்டிக் கிடந்ததாகவும், பூச்சி விட்டு அழித்ததாகவும் என் தாத்தா சொல்வார். உண்மையா? (தூத்துக்குடி வாசகர்)

உண்மை. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு வகைச் செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், சில வருடங்களில் கள்ளி சுருண்டது. அதற்கும் முந்தைய கதை இன்னும் சுவாரசியமானது. 1795-ல் வெள்ளைக்காரர்கள் சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சி என்று நினைத்து பிரேசிலிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது வேறு பூச்சி, எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. ஆனால் இங்கே மண்டிக் கிடந்த இன்னொரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது. களையைப் பூச்சி அடக்கியதற்கு உலகத்திலேயே மிகப் பழைய உதாரணங்களில் அது ஒன்று.

வெளிநாட்டிலிருந்து குளவியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நாளைக்கு அதுவே தொல்லையாகாதா? (மதுரை, கல்லூரி மாணவி)

கேட்க வேண்டிய கேள்வி. ஆகியிருக்கிறது. 1935-ல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாய்த் தீவிலிருந்து சுமார் நூறு தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில். வண்டும் குறையவில்லை, தேரை கண்டதையும் தின்று பெருகியது, அதைத் தின்ற அந்த ஊர் விலங்குகள் அதன் விஷத்தில் செத்தன. இன்றுவரை அவர்களால் அதை ஒழிக்க முடியவில்லை.

எதையும் தின்னும் பிராணியைக் கொண்டுபோய் விட்டதுதான் அங்கே நடந்த தவறு. ஒட்டுண்ணிக் குளவிகளில் பல ஒரே இனத்தை, மிஞ்சினால் நெருங்கிய சில இனங்களை மட்டுமே நம்பி வாழ்பவை. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் பரவியபோது, 2010-ல் போர்ட்டோ ரீகோவிலிருந்து வந்த குளவிகளை உடனே வயலில் விடவில்லை. பெங்களூரில் அடைத்து வைத்து, பட்டுப்புழு உட்பட நமக்கு நன்மை செய்யும் பூச்சிகளைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே விட்டார்கள். அந்தச் சோதனையைத் தாண்டாமல் எதையும் விடக்கூடாது, அவசரம் எவ்வளவு இருந்தாலும் சரி.

மாடித் தோட்டத்து அவரையில் அசுவினி. கூடவே கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்கிறது. எதை அடித்தால் சாகும்? (சென்னை வாசகி)

அதை மட்டும் கொன்றுவிடாதீர்கள்! அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, ஆனால் பெரிதாக, சுறுசுறுப்பாக நகரும் ஒன்றைப் பார்த்தால் அதையும் விட்டுவிடுங்கள், அது மாவுப்பூச்சியைத் தின்னும் வேறொரு பொறிவண்டின் புழு. கத்தரியில் மட்டும் கவனம். அங்கே மஞ்சளாக, முள்முள்ளாக இருந்து இலையைச் சல்லடையாகச் சுரண்டும் புழு எபிலாக்னா வண்டுடையது, அதைக் கையால் பொறுக்கிப் போட்டுவிடலாம். அவரையில் இப்போதைக்கு வேப்பெண்ணெய்கூட வேண்டாம். பத்து நாள் கழித்து அதே கொடியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.