ஓடியது எத்தனை டெஸ்ட்? பைதான், டெர்மினல்: கேள்வி பதில்

பைதானில் யூனிட் டெஸ்ட்களை டெர்மினலிலிருந்து தேடி ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. யூனிட்டெஸ்ட் பைதானோடு வரும் டெஸ்ட் கருவி, பைடெஸ்ட் தனியாக நிறுவ வேண்டிய இன்னொன்று. கமாண்ட்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய கமாண்ட்களில் அங்கேயே சொல்லியிருக்கிறேன். கிளாஸ், மெத்தட் பெயர்களைக் கோட்டில் உள்ளபடியே எழுதுங்கள். எல்லாப் பதிலுக்கும் ஒரே அமைப்புதான்: 'கடை' என்ற புராஜெக்ட் ஃபோல்டர், அதற்குள் 'பில்' என்ற பேக்கேஜ், பக்கத்திலேயே 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டர்.

கேள்வி: அண்ணா, கடை ஃபோல்டரில் நின்று 'பைதான் -எம் யூனிட்டெஸ்ட்' கொடுத்தால் 'ரான் 0 டெஸ்ட்ஸ்' என்று வருகிறது. டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் பதினெட்டு டெஸ்ட் இருக்கிறது. ஒன்றுகூட ஏன் ஓடவில்லை?

முதலில் டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் '__இனிட்__.பிஒய்' (ஃபோல்டரைப் பேக்கேஜாக்கும் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு அங்கேதான் சிக்கல். வேறு எதுவும் சொல்லாமல் இந்தக் கமாண்டைக் கொடுத்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து தேடல் தொடங்கும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களில் அந்த இனிட் கோப்பு உள்ளவற்றுக்குள் மட்டுமே அது இறங்கும். மற்றவற்றை ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். காலிக் கோப்பு ஒன்றை வைத்தாலே போதும்.

அது சரியாக இருந்தால் கோப்பின் பெயரைப் பாருங்கள். யூனிட்டெஸ்ட் இயல்பாகத் தேடுவது 'டெஸ்ட்' என்று தொடங்கி '.பிஒய்' என்று முடியும் பெயர்களை மட்டும்தான். 'வரி_டெஸ்ட்.பிஒய்' அதன் கண்ணில் படாது. 'டெஸ்ட்-வரி.பிஒய்' என்று நடுவில் ஹைஃபன் போட்டாலும் படாது, ஏனென்றால் ஹைஃபன் உள்ள பெயரை மாட்யூலாக இம்போர்ட் செய்ய முடியாது. அங்கே அண்டர்ஸ்கோர்தான் வேண்டும். பிறகு கிளாஸ் 'யூனிட்டெஸ்ட்.டெஸ்ட்கேஸ்' என்பதிலிருந்து வருகிறதா, மெத்தட் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். வெறும் ஃபங்ஷனாக எழுதியவற்றை யூனிட்டெஸ்ட் எடுக்காது, பைடெஸ்ட் எடுக்கும்.

கேள்வி: சார், 0 டெஸ்ட் ஓடியும் கடைசி வரியில் 'ஓகே' என்றுதானே வருகிறது? எங்கள் சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) மூன்று மாதமாகப் பச்சை விளக்கு எரிகிறது.

பைதான் 3.11 வரை அப்படித்தான். ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்காவிட்டாலும் எக்ஸிட் கோட் (புரோகிராம் முடியும்போது தரும் எண்) 0 வரும், சிஐ அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். 3.12-லிருந்து இதைத் திருத்திவிட்டார்கள்: ஒன்றும் ஓடாவிட்டால் 'நோ டெஸ்ட்ஸ் ரான்' என்று எழுதி, 5 என்ற எண்ணோடு வெளியேறும். பைடெஸ்டிலும் இதே நிலைக்கு 5தான். எல்லாம் தேறினால் 0, ஏதாவது தோற்றால் 1, நடுவில் நிறுத்தினால் 2, பைடெஸ்டின் உள்கோளாறு 3, கமாண்டைத் தப்பாகக் கொடுத்தால் 4.

3.12-க்குப் போனாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். நாற்பது டெஸ்டில் இருபத்தைந்து மட்டும் கண்ணில் பட்டிருந்தால் அப்போதும் 'ஓகே'தான் வரும். அந்த வார்த்தையைப் பார்க்கும் முன் அதற்கு மேலே இருக்கும் 'ரான்' எண்ணைப் பாருங்கள். புதிதாக நாலு டெஸ்ட் எழுதினால் அந்த எண் நாலு கூட வேண்டும். கூடவில்லையென்றால் உங்கள் டெஸ்ட் ஓடவில்லை.

கேள்வி: எங்கள் கோப்புகள் எல்லாம் 'வரி_டெஸ்ட்', 'தள்ளுபடி_டெஸ்ட்' என்ற மாதிரிதான். தேட வேண்டிய பெயர் மாதிரியை -பி (p) கொடுத்துச் சொல்லிப் பார்த்தேன், 'ஸ்டார்ட் டைரக்டரி இஸ் நாட் இம்போர்ட்டபிள்' என்கிறது. நான் டைரக்டரியே கொடுக்கவில்லையே?

மேற்கோள் குறி போடாமல் விட்டிருப்பீர்கள். லினக்ஸ், மேக் டெர்மினலில் நட்சத்திரக் குறியை முதலில் பார்ப்பது ஷெல் (நீங்கள் தட்டும் கமாண்டை வாங்கி இயக்கும் புரோகிராம்), பைதான் அல்ல. நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் அந்த மாதிரிக்குப் பொருந்தும் இரண்டு கோப்பு இருந்தால், ஷெல் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இரண்டு பெயரையும் வரிசையாக வைத்துவிடும். முதல் பெயர் -பிக்குப் போகும். இரண்டாவது பெயரை 'தேடலைத் தொடங்க வேண்டிய ஃபோல்டர்' என்று யூனிட்டெஸ்ட் நினைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த பிழை அதுதான்.

பொருந்தும் கோப்பு ஒன்றே ஒன்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிழையே வராது, அந்த ஒரு கோப்பு மட்டும் ஓடி 'ஓகே' வந்துவிடும். ஆகவே எப்போதும் இப்படி (-எஸ் என்பது தேடல் தொடங்கும் ஃபோல்டர்):

பைதான் -எம் யூனிட்டெஸ்ட் டிஸ்கவர் -எஸ் டெஸ்ட்ஸ் -பி "*_டெஸ்ட்.பிஒய்"

பைடெஸ்டுக்கு மாறுபவர்கள் கவனிக்க: அங்கே -பி என்றால் பிளகின் ஏற்றுவது, பெயர் மாதிரி இல்லை. பைடெஸ்ட் 'டெஸ்ட்_' என்று தொடங்குவதையும் '_டெஸ்ட்.பிஒய்' என்று முடிவதையும் தானாகவே தேடும். வேறு மாதிரி வேண்டுமென்றால் கான்ஃபிக் கோப்பில் 'பைதான்_ஃபைல்ஸ்' என்ற வரியில் எழுத வேண்டும்.

கேள்வி: டெஸ்ட் கோப்பில் 'ஃப்ரம் .உதவி இம்போர்ட்' என்று எழுதியிருக்கிறேன். கடை ஃபோல்டரிலிருந்து நேராக ஓட்டினால் ஓடுகிறது, '-எஸ் டெஸ்ட்ஸ்' போட்டால் 'அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட்' என்று விழுகிறது. கோப்பு ஒன்றுதானே?

கோப்பு ஒன்றுதான், ஆனால் அதன் பெயர் மாறிவிடுகிறது. கடையில் நின்று தேடும்போது அந்த மாட்யூலின் முழுப்பெயர் 'டெஸ்ட்ஸ்.டெஸ்ட்_வரி'. முன்னால் பேக்கேஜ் பெயர் இருப்பதால் புள்ளி வைத்த இம்போர்ட்டுக்கு அர்த்தம் உண்டு. -எஸ் மட்டும் கொடுத்தால், உச்சி ஃபோல்டர் எது என்று நீங்கள் சொல்லாததால், தொடங்கிய ஃபோல்டரையே உச்சி என்று எடுத்துக்கொள்ளும். இப்போது மாட்யூலின் பெயர் வெறும் 'டெஸ்ட்_வரி'. மேலே பேக்கேஜ் இல்லாதபோது புள்ளி எதைக் குறிக்கும்?

உச்சியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: 'டிஸ்கவர் -எஸ் டெஸ்ட்ஸ் -டி .' என்று (டி என்பது t). கடைசிப் புள்ளி நிற்கும் ஃபோல்டரைக் குறிக்கிறது. இப்படிக் கொடுக்கும்போது டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் இனிட் கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: 'யூனிட்டெஸ்ட்.லோடர்._ஃபெயில்ட்டெஸ்ட்' என்று ஒரு டெஸ்ட் தோற்கிறது. அப்படி ஒரு கிளாஸ் நான் எழுதவே இல்லை.

அது யூனிட்டெஸ்ட் தானே வைக்கும் பதிலி. உங்கள் கோப்பை இம்போர்ட் செய்யும்போதே ஏதோ வெடித்திருக்கிறது. அதை மறைக்காமல், தோற்ற டெஸ்டாகக் காட்டுகிறது. டிரேஸ்பேக்கின் கடைசி வரியைப் படியுங்கள், உண்மையான காரணம் அங்கே இருக்கும். பெரும்பாலும் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்'தான்: விர்ச்சுவல் என்விரான்மென்ட் இயக்காமல் ஓட்டியது, அல்லது டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய் நின்று ஓட்டியதால் பக்கத்து பில் பேக்கேஜ் கண்ணில் படாதது. இரண்டாவதற்கு, கடை ஃபோல்டருக்கு வந்து நின்று ஓட்டினால் தீர்ந்தது. பேக்கேஜை 'எஸ்ஆர்சி' என்ற உள்ஃபோல்டரில் வைத்திருப்பவர்கள் 'பிப் இன்ஸ்டால் -இ .' என்று ஒருமுறை நிறுவிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டெஸ்ட் கோப்பின் தலையிலும் 'சிஸ்.பாத்'தில் பாதையைச் சேர்க்கும் வரியை ஒட்டுவது வேண்டாம். யாராவது ஃபோல்டரை நகர்த்தும் அன்று எல்லாம் சேர்ந்து விழும்.

கேள்வி: ஒரே ஒரு டெஸ்டை மட்டும் ஓட்ட?

யூனிட்டெஸ்டில் புள்ளி வைத்த பெயர்: 'பைதான் -எம் யூனிட்டெஸ்ட் டெஸ்ட்ஸ்.டெஸ்ட்_வரி.வரிடெஸ்ட்.டெஸ்ட்_பூஜ்யம்'. பைடெஸ்டில் கோப்பின் பாதைக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி: 'டெஸ்ட்ஸ்/டெஸ்ட்_வரி.பிஒய்::வரிடெஸ்ட்::டெஸ்ட்_பூஜ்யம்'. பெயரில் ஒரு பகுதி மட்டும் நினைவிருந்தால் இரண்டிலும் -கே உண்டு; யூனிட்டெஸ்டில் அது 3.7-லிருந்து.

கேள்வி: தோழர், மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறோம், நன்றாக ஓடுகிறது. கோப்பின் பெயரிலும் தமிழ் வைத்தோம், அந்தக் கோப்பு மட்டும் காணாமல் போகிறது. பைதான் தமிழை ஏற்கிறது என்றுதானே சொல்கிறார்கள்?

பைதான் ஏற்கிறது. அந்தக் கோப்பை நீங்கள் கையால் இம்போர்ட் செய்தால் வேலை செய்யும். தடுப்பது யூனிட்டெஸ்டின் தேடல். கோப்பின் பெயர் மாட்யூல் பெயராகச் செல்லுமா என்று அது ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் மாதிரி) சோதிக்கிறது, அதில் எழுத்துகளுக்கு '\டபிள்யூ' குறியை வைத்திருக்கிறார்கள். பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அந்தக் குறி 'வ', 'ர' போன்ற எழுத்துகளுக்குப் பொருந்தும். கொம்பு, கால், புள்ளி ஆகிய துணைக்குறிகளுக்குப் பொருந்தாது. 'வரி' என்ற சொல்லில் 'வர' வரைக்கும் வந்து, இகரக் குறியில் சோதனை உடைந்துவிடும். கோப்பு ஓசையில்லாமல் தள்ளப்படும். கொம்போ காலோ இல்லாத 'கடன்' போன்ற சொல்லும் தப்பாது, கடைசியில் புள்ளி இருக்கிறதே. 'மதகு' போன்ற சொல்லிலும் உகரக் குறி உண்டு. 'அகல' மாதிரி வெறும் உயிரும் அகர உயிர்மெய்யுமாக உள்ள சொற்கள்தான் கடந்துபோகும்.

மெத்தட்களுக்கு இந்தச் சோதனை கிடையாது, 'டெஸ்ட்' என்று தொடங்கினால் போதும். அதனால் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே 'டெஸ்ட்_வரி_பூஜ்யமாக_இருந்தால்' என்று எழுதுங்கள். தோற்கும்போது என்ன உடைந்தது என்று பெயரே சொல்லிவிடும். இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸில் 'பைதான் -எம் யூனிட்டெஸ்ட் > முடிவு.டிஎக்ஸ்டி' கொடுத்தேன். திரையில் எல்லாம் வருகிறது, கோப்பு காலி.

யூனிட்டெஸ்ட் தன் அறிக்கையை எழுதுவது ஸ்டாண்டர்ட் எரரில். ஒற்றை அம்புக்குறி ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் திருப்பும். கோப்புப் பெயருக்குப் பின்னால் 2>&1 சேருங்கள். பைடெஸ்ட் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பெயர்கள் கோப்பில் '\யூ0பிபி5' மாதிரி எண்களாக விழுந்தால், 'பைதான் -எக்ஸ் யூடிஎஃப்8 -எம் யூனிட்டெஸ்ட்' என்று ஓட்டுங்கள் (இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, X).

லினக்ஸ் சிஐயில் இதற்கு ஒரு உறவுக்காரச் சிக்கல் உண்டு. வெளியீட்டைக் குழாய் போட்டு 'டீ' கமாண்டுக்கு (திரையிலும் கோப்பிலும் சேர்த்து எழுதுவது) அனுப்பினால், ஷெல் எடுத்துக்கொள்வது டீயின் எக்ஸிட் கோடை. டெஸ்ட் தோற்றாலும் டீ வெற்றிதான், பச்சை விளக்கு. பாஷில் முதல் வரியாக 'செட் -ஓ பைப்ஃபெயில்' போடுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'ஷெல்: பாஷ்' என்று வெளிப்படையாக எழுதினால் அது தானாகச் சேரும், எழுதாமல் விட்டால் சேராது.

கேள்வி: எழுதியது 24, ஓடுவது 23. பெயர், ஃபோல்டர் எல்லாம் சரி. எந்த ஒன்று விடுபட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே கிளாஸில் ஒரே பெயரில் இரண்டு மெத்தட் இருக்கும். நகலெடுத்து ஒட்டி, உள்ளே மாற்றி, பெயரை மாற்ற மறந்திருப்பீர்கள். பைதானில் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும், எச்சரிக்கை கிடையாது. ரஃப் என்ற, கோட்டில் தப்பு தேடும் கருவியில் எஃப்811 என்ற விதி இதைப் பிடித்துக்கொடுக்கும். பைடெஸ்ட் வைத்திருந்தால் '--கலெக்ட்-ஒன்லி -க்யூ' கொடுங்கள். எதையும் ஓட்டாமல், கண்டுபிடித்த பெயர்களை வரிக்கு ஒன்றாகக் காட்டும். புதுப் புராஜெக்டில் கை வைக்கும்போது நீங்கள் முதலில் ஓட்ட வேண்டிய கமாண்டும் இதுதான்.

கேள்வி: 'அசிங்க் டெஃப்' என்று எழுதிய டெஸ்ட், உள்ளே வேண்டுமென்றே தப்பான அசெர்ட் வைத்தாலும் தேறுகிறதே?

சாதாரண டெஸ்ட்கேஸ் கிளாஸில் எழுதியிருக்கிறீர்கள். அசிங்க் மெத்தடைக் கூப்பிட்டால் கிடைப்பது ஒரு கோரூட்டின். அதை யாரும் 'அவெய்ட்' செய்யாததால் உள்ளே ஒரு வரிகூட ஓடவில்லை. விதிவிலக்கு (எக்ஸெப்ஷன்) எதுவும் எழவில்லை, ஆகவே தேறியது. எண்ணிக்கையைப் பார்த்தாலும் இது பிடிபடாது, அதனால்தான் ஆபத்து. 3.8-லிருந்து 'ஐசலேட்டட்அசிங்க்ஐஓடெஸ்ட்கேஸ்' என்ற கிளாஸ் இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள். பழைய கோட்டில் எங்கெங்கே இப்படி இருக்கிறது என்று தேட, 3.11-க்கு மேல் 'பைதான் -டபிள்யூ எரர் -எம் யூனிட்டெஸ்ட்' என்று ஒருமுறை ஓட்டுங்கள் (டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, W). இவை எல்லாம் எரராக மேலே வரும்.

கேள்வி: தனியாக ஓட்டினால் தேறுகிறது, எல்லாவற்றோடும் ஓட்டினால் தோற்கிறது.

முன்னால் ஓடிய ஏதோ ஒன்று குப்பையை விட்டுப்போயிருக்கிறது: மாற்றிய குளோபல், நிறுத்தாத பேட்ச், சூழல் மாறி, அழிக்காத கோப்பு. யூனிட்டெஸ்ட் ஒரு கிளாஸின் மெத்தட்களை எழுத்து வரிசைப்படி ஓட்டும், 'டெஸ்ட்_10' 'டெஸ்ட்_2'-க்கு முன்னால் வரும். அந்த வரிசையை நம்பி டெஸ்ட் எழுதாதீர்கள். சுத்தம் செய்வதை 'டேர்டவுன்' மெத்தடில் வைப்பதைவிட, 'செட்அப்'பில் ஒன்றைத் திறந்த அடுத்த வரியிலேயே 'ஆட்கிளீன்அப்' போடுவது நல்லது. செட்அப் பாதியில் விழுந்தால் டேர்டவுன் ஓடாது. ஆட்கிளீன்அப்பில் சேர்த்தது ஓடும்.

கேள்வி: பைடெஸ்டில் 'இம்போர்ட் ஃபைல் மிஸ்மேட்ச்' வருகிறது.

இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில் டெஸ்ட் கோப்பு, இரண்டிலும் இனிட் கோப்பு இல்லை. இரண்டிலும் இனிட் வையுங்கள், அல்லது '--இம்போர்ட்-மோட்=இம்போர்ட்லிப்' கொடுங்கள். கோப்பை இடம் மாற்றிய பிறகு வந்தது என்றால் '__பைகேஷ்__' ஃபோல்டர்களை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: முழுவதும் ஓட ஆறு நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருக்க முடியவில்லை, சார்.

'--டியூரேஷன்ஸ்=10' கொடுத்து, நேரம் தின்னும் பத்தை முதலில் பாருங்கள்; பைடெஸ்டில் எப்போதும் உண்டு, யூனிட்டெஸ்டில் 3.12 முதல். பெரும்பாலும் ஸ்லீப்பும் நெட்வொர்க்கும்தான் இருக்கும். வேலை செய்யும்போது 'பைடெஸ்ட் --எல்எஃப் -எக்ஸ்' போதும்: கடைசியாகத் தோற்றவற்றை மட்டும் ஓட்டி, முதல் தோல்வியில் நிற்கும். 'பைடெஸ்ட்-எக்ஸ்டிஸ்ட்' நிறுவி '-என் ஆட்டோ' கொடுத்தால் பிராசசர் கோர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும். ஆனால் டெஸ்ட்கள் ஒரே டேட்டாபேஸ் கோப்பையோ ஒரே போர்ட்டையோ பங்கிட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், ஆளுக்கு ஒரு 'டிஎம்பி_பாத்'தும் (பைடெஸ்ட் தரும் தற்காலிக ஃபோல்டர்) தனிப் போர்ட்டும் கொடுத்த பிறகு அதற்குப் போங்கள்.